அப்பாவின் லேசர்டிஸ்க்குகளை டிவிடிக்கு மாற்ற வேண்டும், பிளேயர் உயிரை விடுவதற்குள்

தேக்கா_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இப்போது 76 வயது. 1990-களில் வீட்டுச் செலவு போகக் கையில் நின்ற பணத்தையெல்லாம் லேசர்டிஸ்க் வாங்கியே கரைத்தவர், அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். ஸ்டோர்ரூமில் எண்ணிப் பார்த்தேன், 143 இருக்கிறது. ஹாங்காங் படங்கள், ஹாலிவுட், ஜப்பானில் அச்சடித்த இசை நிகழ்ச்சிகள், கரவோக்கே ஒரு இருபது, தமிழ்ப் படம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் கிராமபோன் தட்டு அளவு, எடை அதைவிட அதிகம். ஜூனில் சின்ன வீட்டுக்கு மாறுகிறோம், அங்கே இவ்வளவையும் வைக்க இடமே கிடையாது.

பிளேயர் பயனியர். என்டிஎஸ்சி, பால் என்ற இரண்டு டிவி முறையும் ஓடும் (குடிக்கிற பால் இல்லை), பக்கத்தையும் தானே மாற்றிக்கொள்ளும் ரகம். படம் ஓடுகிறது, ஆனால் சில நாள் ட்ரே வெளியே வருவதில்லை, உள்ளே கரகர என்று சத்தம் மட்டும் கேட்கும், நான் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும்.

20 வெள்ளிக்கு (எங்கள் ஊர் டாலர்) ஒரு யூஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கி ஒரு படத்தை மடிக்கணினியில் பிடித்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் சரியாக இருந்தது, ஒரு மணி நேரம் போனதும் பேச்சு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். அப்புறம் யாராவது கோடு போட்ட சட்டை போட்டு வந்தால் அந்தச் சட்டையில் வானவில் ஓடுகிறது. நேரடியாக டிவியில் பார்க்கும்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இவ்வளவு மோசம் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பிளேயரின் பின்னால் படத்தை வெளியே எடுக்க மஞ்சள் பின்னும் இருக்கிறது, எஸ்-வீடியோவும் இருக்கிறது, எதில் எடுப்பது? எந்த வெற்று டிஸ்க் வாங்குவது? ஒரு படத்தை ஒரே டிவிடியில் அடக்க முடியுமா? சில தட்டுகளில் கலர் கலராகப் பொடி தூவியதுபோல் புள்ளிகள் வருகின்றன, அது பிளேயரின் கோளாறா, தட்டின் கோளாறா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடைசி_ரீல் எழுதியது:

இந்தக் காலத்தில் டிவிடியா? கேப்சர் செய்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டு டிவியில் சொருகினால் முடிந்தது. ஹாலிவுட் படமெல்லாம் இதைவிட நூறு மடங்கு நல்ல தரத்தில் கிடைக்கிறது. எல்டியை (லேசர்டிஸ்க்கை) மாற்றுவதே வீண் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

தேக்கா_வாசி எழுதியது:

போன வருடமே ஹார்ட் டிஸ்க்கில் நூறு படம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பா அதை இதுவரை இரண்டு தடவை தொட்டிருப்பார். மெனுவுக்குள் போய், ஃபோல்டருக்குள் போய், அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கீழே இறங்குவது அவருக்கு ஆகாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அலமாரிக்குப் போக வேண்டும், அட்டையைப் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும், ட்ரேயில் வைக்க வேண்டும், உட்கார வேண்டும். டிவிடி பிளேயரை அவரே ஓட்டுவார். அதனால்தான் டிவிடி.

மஞ்சள்_பின் எழுதியது:

தம்பி, அப்பா சொல்வதுதான் சரி, டிவிடியே போடுங்கள். நான் பினாங்கில் இருபது வருடம் டிவி, வீடியோ ரிப்பேர் பார்த்தவன். நீளமாக எழுதப் போகிறேன், ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பிளேயர். கரகர சத்தம் வந்து ட்ரே நகரவில்லை என்றால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, மோட்டார் சுற்றுகிறது, பல்சக்கரத்துக்கு இழுவை போகவில்லை. பெல்ட் விலை சொற்பம், தலையில் தட்டுவதை நிறுத்திவிட்டு அதை மாற்றுங்கள். திறக்கும்போதே பழைய கிரீஸையும் துடைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உங்களுடையது இரு பக்கம் ஓடும் மாடல், லேசர் தலை தட்டின் அடியிலிருந்து வளைந்த தண்டவாளத்தில் ஏறி மேல்பக்கம் போய்த் தலைகீழாகப் படிக்க வேண்டும், முப்பது வருடத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால் அந்த வளைவில்தான் சிக்கும். 143 தட்டு, ஒன்றுக்கு இரண்டு மணி என்றால் கிட்டத்தட்ட 300 மணி நேர ஓட்டம். பயனியர் 2009-இல் எல்டி பிளேயர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது, அதற்கப்புறம் உலகத்தில் யாரும் புதிதாகச் செய்யவில்லை. ஆகவே சர்வீஸ் செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டாவது, 143-ஐயும் மாற்றாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் கடைசி ரீல் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நல்ல டிவிடியோ புளூரேயோ கடையில் கிடைக்கிற படத்தை எல்டியிலிருந்து எடுப்பது நேர விரயம், அதை வாங்கிக் கொடுங்கள். ஆனால் எல்லாமே கிடைக்கிறது என்று அவர் நினைப்பது தப்பு. ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், 1997-இல் புதுக் காட்சிகள் சேர்த்து மாற்றிவிட்டார்கள். மாற்றாத பழைய வடிவம் 1993-லும் 1995-லும் எல்டியில் வந்தது. 2006-இல் அதை டிவிடியில் இலவச இணைப்பாகக் கொடுத்தபோதுகூட 1993-இல் எல்டிக்குச் செய்த அதே மாஸ்டரைத்தான் எடுத்துப் போட்டார்கள். உலகப் புகழ் பெற்ற படத்துக்கே இந்தக் கதி என்றால் உங்கள் அப்பாவின் ஹாங்காங் படங்களும் ஜப்பான் இசை நிகழ்ச்சிகளும் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அப்பாவை உட்காரவைத்து மூன்று அடுக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள், கட்டாயம் வேண்டும், கடையில் கிடைக்கும், போனால் போகட்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. மஞ்சள் பின்னில் எடுங்கள், எஸ்-வீடியோ வேண்டாம். நிறைய பேர் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்டி பார்க்க சிடி மாதிரி பளபளப்பதால் டிஜிட்டல் என்று நினைக்கிறோம், படம் முழுக்க அனலாக். தட்டில் உள்ள குழிகளின் நீளமும் இடைவெளியும் ஒரு அலையைச் சுமக்கின்றன, அந்த அலையில் வெளிச்சமும் நிறமும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்துதான் இருக்கின்றன, பாலில் கலந்த டிக்காஷன் மாதிரி. யாராவது ஒருவர் எங்கேயாவது அதைப் பிரித்தாக வேண்டும். எஸ்-வீடியோவில் எடுத்தால் பிளேயருக்குள் இருக்கும் 1990-களின் காம்ப் ஃபில்டர் பிரிக்கும். மஞ்சள் பின்னில் எடுத்தால் பிரிக்காமல் அப்படியே வெளியே வரும், அடுத்த பெட்டி பிரிக்கும். அடுத்த பெட்டி பத்து வருடம் புதியது, அதில் 3டி ஒய்/சி என்று சொல்லும் ரகம் இருந்தால் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை ஒப்பிட்டுப் பிரிக்கும், வானவில் பெருமளவு போய்விடும். உங்கள் சட்டை வானவில் அந்த 20 வெள்ளிக் குச்சியின் பிரிக்கும் திறமை. நெருக்கமான கோடுகளை அது நிறம் என்று நம்பிவிடுகிறது.

பேச்சும் உதடும் பிரிவதும் அந்தக் குச்சியால்தான். மலிவுக் குச்சிகளில் படம் ஒரு கடிகாரத்துக்கு ஓடும், ஒலி இன்னொரு கடிகாரத்துக்கு ஓடும், இடையில் நாலு ஃபிரேம் விழுந்தால் யாரும் கணக்கு வைப்பதில்லை, ஒரு மணி நேரத்தில் ஒரு விநாடி வித்தியாசம் வந்து நிற்கும்.

அதனால் என் யோசனை, ஹார்ட் டிஸ்க் உள்ள டிவிடி ரெக்கார்டர் ஒன்றைப் பழைய சாமானில் தேடுங்கள், 2005-க்குப் பிறகு வந்ததாக இருந்தால் நல்லது. மஞ்சள் பின்னையும் ஒலி பின்களையும் சொருகி ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்யுங்கள், பக்கம் மாறும் இடத்தில் வரும் கறுப்பை அதிலேயே வெட்டுங்கள், பிறகு டிவிடி-ஆர் என்ற வெற்று டிஸ்க்கில் எழுதுங்கள், கணினியே வேண்டாம். விஎச்எஸ் கேசட்டிலும் டிவிடியிலும் இருக்கிற நகல் தடுப்பு எல்டியில் கிடையாது, ரெக்கார்டர் முரண்டு பிடிக்காது.

ஒரு படம் ஒரு டிவிடியில் அடங்குமா என்று கேட்டீர்கள். எல்டியின் நீளமான ரகத்தில் என்டிஎஸ்சியில் ஒரு பக்கத்துக்கு 60 நிமிடம், நிறுத்தினால் படம் அசையாமல் தெளிவாக நிற்கும் ரகத்தில் 30 நிமிடம். வெற்று டிவிடி 4.7 ஜிபி. 100 நிமிடப் படத்துக்கு நொடிக்கு சுமார் 6.2 மெகாபிட் கிடைக்கும், இரண்டு மணிக்கு 5.2, 133 நிமிடத்துக்கு 4.7. இதில் ஒலியும் அடக்கம். ஒலியைப் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று வைத்தால் அதுவே 1.5 மெகாபிட்டை விழுங்கிவிடும், நீளமான படத்துக்கு டால்பி 256 கிலோபிட் போதும். ரெக்கார்டரில் எஸ்பி என்று இருப்பது இரண்டு மணி, பல மாடல்களில் எஃப்ஆர் என்று ஒன்று இருக்கும், அது படத்தின் நீளத்தைப் பார்த்து டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பும், அதைப் பயன்படுத்துங்கள். அதிக நேரம் அடக்கும் எல்பி பக்கமே போகாதீர்கள், பெரும்பாலான பெட்டிகளில் எல்பியில் படத்தின் அகலத்துப் புள்ளிகளைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். விஎச்எஸ்ஸுக்கு அது தெரியாது, எல்டிக்கு நன்றாகத் தெரியும். அகலவாக்கில் விஎச்எஸ் பிரித்துக் காட்டுவது சுமார் 240 கோடு, எல்டி 400-க்கு மேல்.

புள்ளிகளைப் பற்றி. எல்லாத் தட்டிலும் வந்தால் பிளேயரின் லேசர் களைத்துவிட்டது. சில தட்டில் மட்டும், அதுவும் அதே இடங்களில் வந்தால் தட்டு அழுகுகிறது. எல்டி இரண்டு பக்கத்தைத் தனித்தனியாக அச்சடித்துப் பசை போட்டு ஒட்டியது. பசை வழியாகவோ விளிம்பு வழியாகவோ காற்றும் ஈரமும் உள்ளே போனால் அலுமினியப் பூச்சு அரிக்கும். துடைத்தால் போகாது, மருந்தும் கிடையாது. நம் ஊர் ஈரத்தில் ஸ்டோர்ரூமில் இருந்தது என்கிறீர்கள், அதனால் புள்ளி வரும் தட்டுகளை முதலில் எடுங்கள், அடுத்த வருடம் இன்னும் அதிகமாக இருக்கும்.

டவுன்ஹால்_ரோடு எழுதியது:

நான் மதுரைக்காரன், 2004-லிருந்து 2012 வரை கல்யாணக் கேசட்டுகளை டிவிடிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் தொழில், ஆயிரக்கணக்கில் செய்திருப்பேன். ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. எஸ்-வீடியோ இருக்கும்போது மஞ்சள் பின்னில் எடுப்பதா? எட்டு வருடமும் எஸ்-வீடியோவில்தான் எடுத்தேன், வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

டிஸ்க் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன், இதில் நான் அடிபட்டவன். ஆரம்பத்தில் ரிச்சித் தெருவில் மொத்தமாக நூறு நூறாகப் பிராண்ட் பெயர் இல்லாத டிஸ்க் வாங்குவேன், பத்து ரூபாய்க்கும் குறைவு. மேலே மாப்பிள்ளை பெண் போட்டோ போட்ட வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பேன், பார்க்க அழகாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தாலி கட்டுகிற இடம் வரும்போது கட்டம் கட்டமாக உடைகிறது, நின்றுவிடுகிறது. எல்லாக் கல்யாணத்திலும் தாலி கட்டும் இடத்திலேயே ஏன் நிற்கிறது என்று யோசித்தேன், அப்புறம்தான் புரிந்தது, டிவிடி உள்ளேயிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகிறது, கல்யாணத்தின் முக்கியமான பகுதி விளிம்புக்கு அருகில் போய் விழுகிறது, மட்டமான டிஸ்க்கில் விளிம்புதான் முதலில் கெடும். ஸ்டிக்கரும் சேர்ந்துகொண்டது, காகிதம் ஈரம் குடித்து உப்பினாலோ கொஞ்சம் கோணலாக ஒட்டினாலோ சுற்றும்போது தட்டு ஆடும். அந்த வருடம் சொந்தக் காசில் எத்தனையோ பேருக்குத் திரும்ப எழுதிக் கொடுத்தேன், நல்லவேளை பெரும்பாலானவர்கள் கேசட்டைத் தூக்கிப் போடவில்லை.

அதனால், நல்ல பிராண்ட் மட்டும் வாங்குங்கள். ஜப்பானின் தையோ யூடன் டிஸ்க்கைத்தான் எங்கள் தொழிலில் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடுவோம், அவர்கள் 2015 கடைசியில் டிஸ்க் தயாரிப்பையே விட்டுவிட்டார்கள், பழைய ஸ்டாக் என்று இப்போது யாராவது விற்றால் போலியா என்று பார்த்து வாங்குங்கள். வெர்பேட்டிம் கிடைக்கிறது. 16 வேகம் என்று போட்ட டிஸ்க்கை நான் 8-க்கு மேல் எழுத மாட்டேன். ஸ்டிக்கர் கூடவே கூடாது, தண்ணீர் மையில் எழுதும் டிஸ்க் பேனாவால் நடுவளையத்துப் பக்கம் சின்னதாகப் பெயர் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஃபைனலைஸ் (டிஸ்க்கை மூடும் கடைசி வேலை) செய்ய மறக்காதீர்கள், அது செய்யாத டிஸ்க் உங்கள் ரெக்கார்டரில் ஓடும், அப்பாவின் பிளேயரில் ஓடாது. வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள், வீட்டில் எழுதும் டிஸ்க்கில் இருப்பது சாயம், கடையில் வாங்கும் படம் மாதிரி அச்சடித்த குழி இல்லை. சாயம் என்றால் வெளுக்கத்தானே செய்யும்.

மஞ்சள்_பின் எழுதியது:

டவுன்ஹால் தம்பி, நீங்கள் செய்தது விஎச்எஸ். அங்கே எஸ்-வீடியோதான் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். விஎச்எஸ் நாடாவில் நிறத்தை வெளிச்சத்திலிருந்து பிரித்து, 627 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கீழே இறக்கித் தனியாக வைத்திருக்கிறார்கள். பிரித்து வைத்ததைப் பிரித்தபடியே வெளியே எடுக்க எஸ்-வீடியோ, மஞ்சள் பின்னில் எடுத்தால் வீணாக ஒரு தடவை கலந்து மறுபடியும் பிரிக்கிறீர்கள். எல்டியில் கலந்தேதான் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஜாதி. தம்பி தேக்கா, நம்பிக்கை இல்லையென்றால் கோடு போட்ட சட்டை வரும் இடத்தை இரண்டு வழியிலும் ஐந்து நிமிடம் எடுத்து நீங்களே பாருங்கள்.

டவுன்ஹால்_ரோடு எழுதியது:

ஓ, இது எனக்குத் தெரியாது ஐயா. எட்டு வருடத்தில் ஒரே ஒரு எல்டி பிளேயரைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு ஓட்டலில் கரவோக்கேக்கு வைத்திருந்தது. வாபஸ்.

ரொறன்ரோ_மாடிவீடு எழுதியது:

நான் ரொறன்ரோவில் இருந்து. நீங்கள் எல்லாரும் பேசுறது நல்ல வழிதான், ஆனால் இதைவிட ஆழமாக ஒரு வழி இருக்கு, சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. டொமஸ்டே டூப்ளிகேட்டர் என்று ஒரு கருவி, சைமன் இன்ஸ் என்பவர் வடிவமைத்து எல்லாருக்கும் திறந்துவிட்டது. பெயர் பிபிசி 1986-இல் லேசர்டிஸ்க்கில் வெளியிட்ட டொமஸ்டே திட்டத்தில் இருந்து வந்தது, அந்தத் தட்டுகளைக் காப்பாற்றத்தான் இந்த வேலையே தொடங்கினது. இது மஞ்சள் பின்னையும் தொடாது, எஸ்-வீடியோவையும் தொடாது. பிளேயரைத் திறந்து, லேசர் படிக்கிற மூல அலையைச் சோதனைப் புள்ளியில் இருந்தே எடுத்து, நொடிக்கு நாலு கோடி தடவை அளந்து கொம்பியூட்டருக்கு அனுப்பும். படமாக மாற்றுற வேலை முழுக்க எல்டி-டிகோட் என்ற மென்பொருளில் நடக்கும். பிளேயருக்குள் இருக்கிற பழைய சுற்று எதுவும் குறுக்கே வராது. ஒரே படத்தின் இரண்டு மூன்று பிரதி கிடைத்தால் ஒன்றில் புள்ளி விழுந்த இடத்தை மற்றதில் இருந்து நிரப்பலாம், அழுகின தட்டுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஒன்று, சுருக்காமல் வைத்தால் மணிக்கு 180 ஜிபி போகும். பிளேயரில் சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிய வேணும். நான் ஒரு தட்டுக்கு ஒரு வார இறுதியைச் செலவழிச்சிருக்கிறேன், வீட்டில் நல்ல பேச்சு வாங்கினேன். 143 தட்டுக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வேறு எங்கேயும் கிடைக்காத நாலைந்துக்கு மட்டும், அந்தத் தமிழ்ப் படங்கள் நாலையும் சேர்த்து, யோசியுங்கோ. குறைந்தபட்சம் அந்தத் தட்டுகளை எறிய வேண்டாம்.

இன்னொன்று, ஒலி. 1995-இல் இருந்து வந்த சில அமெரிக்கத் தட்டுகளில் வலது பக்க அனலாக் ஒலித்தடத்தில் டால்பி ஏசி-3 என்ற பல ஸ்பீக்கர் ஒலியை ஏற்றியிருப்பார்கள். அதற்கென்று தனிப் பெட்டி இல்லாமல் அந்தத் தடத்தைக் கேட்டால் இரைச்சல்தான். பிளேயரில் ஒலியை டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டு எடுங்கோ, சாதாரண இரட்டை ஒலி சுத்தமாக வரும், அது சிடி தரம். அட்டையில் டிடிஎஸ் என்று போட்டிருந்தால் மட்டும் தலைகீழ், அங்கே டிஜிட்டல் தடம்தான் இரையும், அனலாக்கைக் கேளுங்கோ.

கடைசி_ரீல் எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. அகலத்திரைப் படங்கள் எல்டியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு 4:3 சட்டத்துக்குள் இருக்கும். இப்போதைய அகல டிவியில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை மாதிரி படம். 480 கோட்டில் ரொம்ப அகலமான சினிமாஸ்கோப் படத்துக்கு மிஞ்சுவது 270 சொச்சம்தான். சிலர் அதைக் கணினியில் இழுத்து நிரப்புகிறார்கள், நான் செய்ய மாட்டேன், டிவி ரிமோட்டில் ஜூம் அழுத்தினால் அதே வேலை நடக்கும். ரிமோட்டில் அந்தப் பட்டனுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுங்கள். இன்னொன்று, என்டிஎஸ்சி தட்டைப் பாலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள், உங்கள் ஊர் டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், மாற்றினால் அசைவெல்லாம் தடுக்கித் தடுக்கி நடக்கும்.

தேக்கா_வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து இப்போதுதான் வருகிறேன்.

அண்ணே, பெல்ட்டேதான். திறந்தால் உள்ளே ரப்பர் தொய்ந்து கிடந்தது, கிரீஸைக் கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. இப்போது ட்ரே வெண்ணெய் மாதிரி வருகிறது. அப்பா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கும்போது விற்பனைப் பையன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார்.

பழைய சாமானில் ஹார்ட் டிஸ்க்கோடு டிவிடி ரெக்கார்டர் ஒன்று 60 வெள்ளிக்குக் கிடைத்தது, ஜப்பான் பெட்டி, எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி, மெனுவுக்கு நானே தமிழில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன். சட்டைச் சோதனையும் செய்தேன். மஞ்சள் பின்னில் வானவில் கிட்டத்தட்ட இல்லை, எஸ்-வீடியோவில் லேசாக ஓடுகிறது, எழுத்துகளின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோலவும் இருக்கிறது. அண்ணன் சொன்னதுதான்.

அப்பா பிரித்ததில் 'கட்டாயம் வேண்டும்' அடுக்கில் 71 வந்தது. 'போனால் போகட்டும்' அடுக்கில் இரண்டே இரண்டு, அவை இரண்டும் அம்மாவுக்குப் பிடித்த படங்கள். அதைப் பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இதுவரை 9 முடித்தேன். இரண்டு பிரதி எழுதுகிறேன், ஒன்று அப்பா போட்டுத் தேய்ப்பதற்கு, ஒன்று உறையில் பத்திரமாக. ஹார்ட் டிஸ்க்கில் கோப்பாகவும் ஒன்று இருக்கிறது, கடைசி ரீலுக்காக. புள்ளி விழுந்த தட்டு ஆறு, அதில் ஒன்று தமிழ்ப் படம். அந்த நான்கு தமிழ்த் தட்டையும் எறியவில்லை, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் அக்கா, எனக்குச் சூட்டுக்கோல் பிடிக்கத் தெரியாது, அதை அப்புறம் பார்ப்போம்.

ஒரு சந்தேகம் மட்டும். முதல் படத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் தாண்டியதும் "இங்கே ஒரு வார்த்தை போச்சு" என்றார். நான் இல்லை என்றேன், நானே வெட்டினேன், எனக்குத் தெரியாதா. தட்டை எடுத்துப் பக்கம் மாறும் இடத்தைப் போட்டுப் பார்த்தால், முதல் பக்கக் கடைசியில் படம் கறுத்த பிறகும் ஒரு பெண் குரல் இரண்டு வார்த்தை பேசி முடிக்கிறது. கறுப்பு என்றதும் நான் வெட்டிவிட்டேன். மற்ற எட்டிலும் இப்படி வெட்டியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்களெல்லாம் பக்கம் மாறும் இடத்தைப் படத்தைப் பார்த்து வெட்டுவீர்களா, ஒலியைக் கேட்டு வெட்டுவீர்களா?

மஞ்சள்_பின் எழுதியது:

ஒலியைக் கேட்டு. ஹெட்போன் போட்டுக்கொண்டு. கறுப்பு வந்த பிறகும் இரண்டு விநாடி விட்டு வெட்டுங்கள், அடுத்த பக்கத்தின் தொடக்கத்திலும் அப்படியே, கொஞ்சம் கறுப்பு தெரிந்தால் ஒன்றும் குடி முழுகாது. ஹார்ட் டிஸ்க்கில் வெட்டாத மூலப் பதிவு இன்னும் இருந்தால் அந்த எட்டையும் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை, வெட்டை மட்டும் மாற்றி மறுபடி எழுதினால் போதும். அழித்துவிட்டீர்களா?

தேக்கா_வாசி எழுதியது:

ஐந்து இருக்கிறது. மூன்றை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன். அதில் ஒன்று 133 நிமிடம், மூன்று பக்கம். சரி, இன்றைக்கு இரவு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹெட்போனை அப்பாவிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.